குறை சொல்லி வாங்கிய வீடு

இந்தக் குளிர்காலத்தின் கடைசியில் எங்களுக்கு நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பாரீஸின் வடக்கு ஓரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ஐந்தாவது மாடியில் நாலறை வீடு ஒன்றைப் பார்த்தோம். எனக்கும் என் கணவர் அருளுக்கும் பிடித்தது.

2. கேட்ட விலையிலிருந்து கொஞ்சம் குறைத்துக் கேட்டோம். வீட்டுக்காரர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். அது நல்ல பதில்தான் என்று தரகர் பெண் சொன்னாள்.

3. இரண்டாம் முறை பார்க்கப் போனபோது சவரி மாமாவை அழைத்துக்கொண்டு போனோம்.

4. மாமா வாயைத் திறந்தார்.

5. வீட்டுக்காரர் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வந்ததற்கு நன்றி என்றார்.

6. மறுநாள் தரகர் பெண் போன் செய்து, அவர்கள் உங்களுக்கு விற்க விரும்பவில்லை என்றாள்.

எழுதிவிட்டுப் படித்தால் ஊரில் இருப்பவர்களுக்கு ஆறாவது புரியாது. இங்கே இருப்பவர்களுக்கு மூன்றாவதே புரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

*

நாலறை வீடு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்காக.

நான் புதுச்சேரியில் உப்பளம் என்ற பகுதியில் பிறந்தவள். அப்பா மில்லில் வேலை பார்த்தார். மில் மூடியபிறகு ஐஸ் கம்பெனி, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் என்று மாறி மாறிப் போனார். எங்கள் வீடு ஒரே ஒரு நீளமான அறை. நடுவில் ஒரு பீரோவை நிறுத்தி, பீரோவுக்கு இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் படுக்கையறை என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எனக்குப் பத்து வயதானபோது புதுச்சேரியிலேயே கதிர்காமத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அம்மா இப்போதும் அந்த வீட்டில்தான், தனியாக. முட்டி வலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போய் வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி, அது தீர்ந்தபிறகு எங்களுக்குச் சொல்வாள்.

நாங்கள் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. அருளும் புதுச்சேரிப் பக்கம்தான், தவளக்குப்பத்துக்காரர்; இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் கணக்கு பார்க்கிறார். நான் ரயில் டிக்கெட் இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பொத்தானைத் தப்பும் தவறுமாக அழுத்தி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். மகள் லீனாவுக்கு ஏழு வயது. மூன்று பேரும் இரண்டறை வாடகை வீட்டில் இருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருந்தாள். கூடத்தில் ஒரு மடிப்பு மெத்தை. குளியலறைக்குப் போக எல்லாரும் அந்த மெத்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அம்மா எழுந்து, மெத்தையை மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, விளக்கு போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். "ஏம்மா இருட்டுல உக்காந்திருக்க?" என்றால், "தூக்கம் கலைஞ்சிடும்ல உங்களுக்கு" என்பாள். மூன்று மாதமும் தன் புடவைகளைப் பெட்டியில் இருந்து எடுத்து வெளியில் வைக்கவே இல்லை. வைக்க இடமும் இல்லை. திரும்பிப் போகும் நாளன்று பெட்டி கட்டுகிற வேலையே அவளுக்கு இருக்கவில்லை.

அதிலிருந்து வீடு தேடுகிறோம். பார்த்த வீட்டையெல்லாம் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "நல்லாருக்கும்மா." பின்பக்கம் சுடுகாடு தெரிந்த வீட்டுக்கும் அதுதான், லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடிக்கும் அதுதான். மார்க்கெட்டில் ஒரு கட்டு கீரையைக்கூட பிரித்துப் பார்க்காமல் வாங்காதவள் அம்மா. மீன் கூடைக்கு முன்னால் அவள் குந்தி உட்கார்ந்தால் கூடைக்காரியே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். வீட்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை வைத்தபிறகு அருள் கேட்பார், "அத்தை என்ன சொன்னாங்க?" நான் சொல்வேன், "நல்லாருக்காம்." இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

*

அந்தத் தெருவை எனக்குப் பிடித்ததற்குக் காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் இங்கே வேண்டாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மாலி நாட்டுப் பெண்கள் தள்ளுவண்டியில் சோளம் சுடுவார்கள். எதிரில் இலங்கைத் தமிழர் கடையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கிடைக்கும். அதற்கடுத்து அல்ஜீரியக்காரரின் காபிக் கடை, சீனக்காரர்களின் சாப்பாட்டுக் கடை, பின்னல் போடும் ஆப்பிரிக்க சலூன்கள். முக்கில் ஒரு தேவாலயம், அங்கே காலையில் போர்த்துகீசியத்தில் பூசை, மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழில். யாரும் யாரையும் நீ எந்த ஊர் என்று ஆச்சரியமாகக் கேட்பதில்லை, எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். அம்மா ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் இந்தத் தெருவில் கீரை வாங்கிவிட முடியும்.

நண்பர்கள் வட்டத்தில் இதற்கு ஆதரவு இல்லை. "நம்ம பாண்டி ஆளுங்க எல்லாம் தள்ளிப்போய்த் தோட்டத்தோட தனி வூடு வாங்குறாங்க. நீங்க இன்னா, சந்தைக்கு நடுவுல போயி உக்காரப் போறேன்றீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் வீட்டுக்கு அருகில் பேருந்து மணிக்கு ஒன்று வரும். தோட்டம் அழகாக இருக்கிறது. அதில் அவருடைய மாமியார் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

*

இப்போது மூன்றாவது: சவரி மாமா.

அப்பாவின் தங்கையுடைய கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். ஓய்வுக்குப்பின் பல வருடம் ஊரில் இருந்தார். அத்தை இறந்தபிறகு மகளோடு வந்து, எங்களுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறார். எங்கள் உறவில் யார் வீடு வாங்கினாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வாங்குபவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. மாமா பேசுவார். வீட்டைச் சுற்றி வந்து குறை சொல்வதுதான் அவர் வேலை.

கதிர்காமத்து வீட்டைப் பார்க்கப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கார அம்மா ஒல்லியானவர், காதில் பெரிய தோடு. மாமா சமையல்கட்டில் இருந்து தொடங்கினார்.

"இன்னாம்மா இது, சமையக்கட்டா சந்தா? ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளிய வந்தாத்தான் ஆவும்போல."

"உங்க வூட்டுல எத்தினி பேரு ஒண்ணா நின்னு கொழம்பு வெக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா.

"மாடித் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"மழ பேயறப்ப வந்து பாருங்க."

"அதுவரைக்கும் வெல இதே வெலதானா?"

அந்த அம்மா சிரித்துவிட்டு, பக்கத்துக் கடையில் எங்கள் எல்லாருக்கும் சோடா வாங்கிவரச் சொன்னார். மாமா சோடாவைக் குடித்துக்கொண்டே கிணற்றடிக் கல்லைக் காலால் ஆட்டிப் பார்த்து, "ஆடுது" என்றார். "ஆடாம இருந்தா கோயில்ல வெச்சிருப்பாங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என் அம்மாவிடம் திரும்பிச் சொன்னது இது: "நேத்து ஒருத்தர் வந்தாரு. எல்லாம் அழகா இருக்கு, அருமையா இருக்குன்னுட்டுப் போனாரு. அவரு இந்தப் பக்கமே வரமாட்டாரு. எனக்குத் தெரியும்."

பேரம் முடிந்த பிறகு அவரை எங்கள் உப்பளத்து வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். பந்தியில் உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் பார்த்தார். "பீரோதான் சொவரா? இந்த வூட்டுல இருந்துக்கிட்டா எங்க வூட்டச் சந்துன்னீங்க?" என்றார். அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ரசத்தில் உப்பு அதிகம், உட்காரும் மனை ஆடுகிறது, சொம்பு ஒடுக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆகவே மாமாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னதும் அருளுக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

*

வீட்டுக்காரர்கள் போர்த்துகல்காரர்கள். இளம் வயதில் வந்து, இங்கேயே மூன்று பிள்ளைகளை வளர்த்து, எல்லாரும் தனித்தனியே போனபிறகு வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள். மதாம் லூசியா எங்களைக் கூட்டிக்கொண்டு காட்டினார். அவர் கணவர் முசே ஆல்பெர்த்தோ கூடத்தில் ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார், தலையை மட்டும் அசைத்தார்.

மாமாவின் பிரெஞ்சு பட்டாளத்தில் கற்றது. வாக்கியங்கள் சின்னவை, சத்தம் பெரியது, தயவுசெய்து என்ற சொல் அதில் இல்லை.

"சமையலறை இருட்டு" என்றார்.

மதாம் புன்னகைத்து விளக்கைப் போட்டார்.

"கதவு தரையில் உரசுகிறது. இந்தக் குழாய் அழுகிறது. பால்கனியில் ஒரு ஆள் நிற்கலாம், அவனும் ஒல்லியாக இருந்தால்."

தரகர் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். அருள் மாமாவின் கோட்டை லேசாக இழுத்து, "மாமா, போதும்" என்றார் தமிழில்.

"நீ சும்மா இரு மாப்ள. இப்பத்தான சூடு புடிக்குது."

குளியலறைக்குள் போனார். சட்டைப்பையில் இருந்து வீட்டுச் சாவியை எடுத்து, சுவர் டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டினார். டொக், டொக். தொட்டிக்கு மேல் மூன்று டைல்ஸில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வந்தது. மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வெளியே தலையை நீட்டி, வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"இதை ஒட்டியது யார்? இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஒட்டினானா?"

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. முசே ஆல்பெர்த்தோ எழுந்து வந்தார். உயரமான மனிதர், பெரிய கைகள்.

"நான்தான்" என்றார்.

ஊராக இருந்தால் இதுதான் நல்ல கட்டம். விற்பவர் எழுந்து வந்து களத்தில் இறங்கிவிட்டார். மாமா முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, கை குலுக்கக் கையை நீட்டினார். முசே ஆல்பெர்த்தோ அந்தக் கையைப் பார்த்தார். அதைத் தாண்டி நடந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வந்ததற்கு நன்றி."

லிஃப்டில் மாமா உற்சாகமாக இருந்தார். "முடிஞ்சுது. வெல எறங்கும் பாரு. கோவம் வந்துடுச்சு பாத்தியா அந்த ஆளுக்கு? விக்கற எண்ணம் இல்லாதவனுக்கு ஏன் கோவம் வருது?"

நானும் அருளும் லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

*

தரகர் பெண் போன் செய்ததை ஏற்கெனவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை, வருத்தப்பட்டாள். "அவர் கட்டட வேலைக்காரர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியவர். தன் வீட்டுக்கு விடுமுறை நாட்களில் ஒட்டியது அது" என்றாள். சனிக்கிழமை இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறது என்றும் சொன்னாள்.

அவள் மூலமாக ஒரு மன்னிப்பு அனுப்பினேன். என் வழக்கப்படி வரிசை எண் போட்டு, எது ஏன் நடந்தது என்று விளக்கியிருந்தேன். பதில் வரவில்லை. இப்போது யோசித்தால், அலுவலகத்தில் நான் எழுதும் பிழை அறிக்கை மாதிரிதான் அது இருந்தது. அவருடைய குளியலறையைப் பற்றி இன்னொரு அறிக்கை.

இதற்கிடையில் வங்கி. கடன் தருவதற்கு முன் அவர்கள் எங்கள் சம்பளத்தைக் கேட்டார்கள், உடம்பைக் கேட்டார்கள், அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார்கள். புதுச்சேரி நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்குக் குடும்பப் பெயர் எது, தனிப்பெயர் எது என்று மூன்று மேசைகளில் விளக்கினேன். "உங்கள் தாயாரும் உங்களுடன் வசிப்பாரா?" என்று அதிகாரி கேட்டபோது, ஊர்ப்பழக்கத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கே தைரியம் இருக்கவில்லை.

மாமாவைக் கூட்டிப்போய் ஒரு வார்த்தை சொல்லவைக்கலாம் என்று அருள் முயன்றார்.

"இன்னான்னு சொல்லணும்?"

"வீடு நல்லாருக்குன்னு சொல்லுங்க மாமா. போதும்."

"வாங்கப்போற வூட்ட நல்லாருக்குன்னு எவனாவது சொல்வானா? நல்லாருக்குன்னு சொன்னா எனக்கு வேணாம்னு அர்த்தம். அந்த மனுசனுக்கு நான் அவ்ளோ பெரிய அவமானம் பண்ணமாட்டேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார்.

அன்றைக்கே அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டை அம்மா வீடியோவில் பார்த்திருந்தாள், நல்லாருக்கு என்றும் சொல்லியிருந்தாள். மாமா சாவியால் தட்டியதைச் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அங்க வந்துமா அந்த மனுசன் சாவிய எடுத்தாரு? அய்யோ சேசுவே! கதிர்காமத்துக்காரம்மா நம்ம வூட்டுக்குச் சாப்புட வந்து பழி தீத்துட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா ஒனக்கு? பீரோதான் சொவரான்னு. பாவம், இவங்களுக்கு அந்த வாய்ப்புகூடக் கெடைக்கல."

"ம்மா."

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குப் பேசறேன்."

*

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்தக் கட்டடத்துக்குப் போய்க் கீழே இருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினேன். மதாம் லூசியாவின் குரல் வந்தது. யார் என்று சொன்னேன். பொத்தானுக்கு மேல் இருந்த சின்ன ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"எங்கள் ஊரில் வீட்டை வாங்க ஆசைப்படுகிறவர்கள்தான் குறை சொல்வார்கள். பிறகு விற்பவர்கள், வாங்குபவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வார்கள். இப்போது உங்கள் முறை. நாளை மறுநாள் மதியம் வாருங்கள். எங்கள் வீட்டில் குறை நிறைய இருக்கிறது."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. உள்ளே போர்த்துகீசியத்தில் இரண்டு குரல்கள். ஒன்று மற்றதை விடச் சுருக்கமாக இருந்தது.

"எந்த மாடி?" என்றார் மதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முசே ஆல்பெர்த்தோ கோட்டுப் போட்டிருந்தார், கையில் ஒரு ஒயின் போத்தல். மாமா சுவரோரம் நின்று வணக்கம் மட்டும் சொன்னார். மீன் குழம்பு, அவியல், அப்பளம். மதாம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். மாமாவும் முசே ஆல்பெர்த்தோவும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். லீனா பிரெஞ்சில் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததால் அமைதி என்று சொல்லமுடியாது.

முசே ஆல்பெர்த்தோ கை கழுவக் குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆனால் ஆள் வரவில்லை. பிறகு கேட்டது: டொக். டொக். டொக்.

யாரும் மெல்லவில்லை.

அவர் வந்து வாசற்படியில் நின்றார். கையில் சாவி. முகக் கண்ணாடிக்குக் கீழே விழுந்துபோன ஒரு வரிசை டைல்ஸை, ஆளுக்குக் காசு கொடுக்கவேண்டாம் என்று போன வருடம் ஒட்டிக்கொடுத்தவர் மாமா.

"கைகழுவும் இடத்துக்கு மேலே, இதை ஒட்டியது யார்?"

மாமா மெதுவாக எழுந்தார். "நான்தான்."

"இரண்டு கண்ணையும் திறந்துகொண்டா?"

மாமாவுக்கு அது உள்ளே போக ஒரு கணம் ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, அருள் தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகும் சிரித்தார். முசே ஆல்பெர்த்தோவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதன்பிறகு அவர் நிற்கவில்லை. ஜன்னல் சட்டம் கோணல். அலமாரிக் கீல் தலைகீழ். மேசையின் ஒரு கால் குட்டை. மாமா பின்னாலேயே போய் ஒவ்வொன்றுக்கும் வழக்காடினார். "அது மேசையின் தப்பில்லை, தரையின் தப்பு!" "தரை என்ன செய்தது உனக்கு?" இருவரும் ஒருமைக்கு எப்போது மாறினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

மதாம் லூசியா கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மடிப்பு மெத்தையைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"என் அம்மாவுக்கு. வந்தால்."

அவர் மெத்தையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்கள் வீட்டில் கடைசி அறை இருக்கிறதே, பிள்ளைகள் போனபிறகு அதை என் அம்மாவுக்கென்று ஒழித்து வைத்தோம். கட்டில்கூட வாங்கினோம். ஒவ்வொரு வருடமும் கேட்பேன். அருமையான அறை மகளே, அருமையான அறை என்பார். வரவேயில்லை."

நான் அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

*

திங்கட்கிழமை தரகர் பெண் கூப்பிட்டாள். விற்கிறார்களாம். சனிக்கிழமை வந்த குடும்பம் என்ன சொன்னது என்று கேட்டேன். "எல்லாம் பிரமாதம் என்றார்கள். பிறகு போன் செய்யவே இல்லை" என்றாள். விலையில் ஒரு காசும் குறையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மாமாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

முதல் ஒப்பந்தத்தில் நொத்தேர் அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்திட்டோம். பத்திரம் எழுதுபவரைப் புதுச்சேரியில் வயதானவர்கள் இப்போதும் நொத்தேர் என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மையார் எல்லாப் பக்கத்தையும் உரக்கப் படித்தார். மின்சாரம், எரிவாயு, ஈயம், கரையான் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை அறிக்கை இருந்தது. எல்லாவற்றிலும் குறைகள் வரிசை எண்ணோடு இருந்தன. காசு கொடுத்து எழுதி வாங்கினால் இங்கேயும் குறை சொல்லலாம் போலிருக்கிறது. கடைசியில், வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டார். முசே ஆல்பெர்த்தோ கையைத் தூக்கினார். ஊருக்குப் போவதற்கு முன் குளியலறையில் மூன்று டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டுமா என்று அந்த அம்மையார் கேட்டார். "வேண்டாம். அது எனக்கும் சொல்தாவுக்கும் நடுவில்" என்றார்.

நேற்று அந்த வேலை நடந்தது. மாமா மட்டப்பலகையைப் பிடிக்க, முசே ஆல்பெர்த்தோ சிமெண்ட் குழைத்தார். அறைகளை அளக்க அனுமதி வாங்கிக்கொண்டு நானும் லீனாவும் போயிருந்தோம். கடைசி அறைக்கு வந்ததும் லீனா என் போனைப் பிடுங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் பேச்சு கடந்த ஒரு வருடமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. "ஆயா, சாப்டியா?" "சாப்டேன் கண்ணு, நீ?" "சாப்டேன்." அவ்வளவுதான், போன் என் கைக்கு வந்துவிடும். அவள் தமிழ் அதற்குமேல் நீளாது.

"ஆயா, பாரு. இது உன் ரூம்."

"நல்லா..." என்று அம்மா தொடங்கினாள். நிறுத்தினாள். "கண்ணு, போனை அந்தாண்ட காட்டு. அது இன்னா ஜன்னலா? ஏன் அத்தினி ஒசரத்துல இருக்கு? உக்காந்தா தெருவே தெரியாதே."

"தெரியும் ஆயா! சேர் போட்டா தெரியும்."

"சேர்ல ஏறச் சொல்றியா? என் முட்டிக்கு?"

"ஏற வேணாம். உக்காரு! இப்படி!" லீனா போனைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து காட்டினாள். அம்மாவுக்கு மேல்கூரை மட்டும் தெரிந்திருக்கும்.

"அலமாரிக் கதவ தொற. ஆங். கட்டில்ல இடிக்கும் அது."

"இடிக்காது!"

"இடிக்கும்டி."

"கட்டில்... கட்டில்..." லீனாவுக்குச் சொல் கிடைக்கவில்லை. பிரெஞ்சில் படபடவென்று சொன்னாள், கட்டிலை எதிர்ச் சுவரோரம் போடலாம், அப்போது கதவு இடிக்காது, எனக்கு அளக்கத் தெரியும் என்று.

"இன்னா சொல்றா அவ?" என்றாள் அம்மா.

நான் மொழிபெயர்க்கவில்லை. லீனா எழுந்து, காலடியால் சுவரிலிருந்து சுவர் வரை அளந்து, விரல்களைப் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உன் காலு சின்னது. அதெல்லாம் கணக்குல வராது" என்றாள். "அப்புறம் இது இன்னா கலரு செவுத்துக்கு? வெள்ளையா அடிச்சு, ஆஸ்பத்திரியாட்டம்."

குளியலறையில் இருந்து மாமா குரல் கொடுத்தார். "யாரும்மா, உங்கம்மாவா? இன்னா சொல்றா?"

"ஜன்னல் ஒசரமாம் மாமா. அலமாரி இடிக்குமாம்."

மட்டப்பலகை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. மாமா சிமெண்ட் கையோடு வாசலில் வந்து நின்று, ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியா சொன்னா?" என்றார்.

இப்போதைய நிலை இதுதான். கடனுக்கு வங்கி இன்னும் கடைசி ஒப்புதல் தரவில்லை. இறுதிக் கையெழுத்து கோடைக்கு முன்னால் இருக்கும் என்று நொத்தேர் சொல்கிறார். மூன்று டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. நடுவில் இருப்பது ஒரு நூல் சாய்ந்திருப்பதாக மாமா சொல்கிறார், முசே ஆல்பெர்த்தோ ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா வருகிறேன் என்று சொல்லவில்லை. ஜன்னல் உயரம், அலமாரிக் கதவு, சுவரின் நிறம் மூன்றும் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். நிறம் பார்க்கச் சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.